கடவுளுக்கு எதிரான குற்றம் எல்லையற்ற கடனாகுமா?

சமய உரைகளிலும் விவாதங்களிலும் ஒரு வாதம் திரும்பத் திரும்ப வருகிறது. கடவுள் எல்லையற்றவர், எனவே அவருக்கு எதிராகச் செய்யப்படும் மிகச் சிறிய குற்றமும் எல்லையற்ற கடனை உண்டாக்குகிறது, எனவே எல்லைக்கு உட்பட்ட மனிதரால் அதை ஒருபோதும் தீர்க்க முடியாது, எனவே அதற்குரிய தண்டனையும் முடிவற்றதாகவே இருக்க வேண்டும். நான்கே வாக்கியங்களில் முடிந்துவிடும் இந்த வாதத்தைக் கேட்டுப் பல ஆண்டுகள் அச்சத்தைச் சுமந்தவர்கள் இருக்கிறார்கள். இது பழங்கால மன்னர்களின் கௌரவத்தைக் கடவுள்மேல் ஏற்றிப் பேசிய பேச்சு என்று ஒரே வரியில் ஒதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பினருமே அந்த மூன்று ‘எனவே’களையும் ஒன்றாகக் கட்டித் தூக்குகிறார்கள் என்பது என் கருத்து. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் ஒன்று உறுதியாக நிற்கிறது, மற்றொன்று ஆட்டம் காண்கிறது, மூன்றாவதற்கோ முற்றிலும் வேறான ஆதாரம் தேவைப்படுகிறது. இந்த வாதம் பெரும்பாலும் கிறித்தவ இறையியலில் உருவானது என்பதால், விளக்கமும் அங்கிருந்தே தொடங்குகிறது.

கடன் என்ற உவமை

குற்றத்தைக் கடன் என்று பேசும் வழக்கம் மிகப் பழையது. இயேசுவின் காலத்தில் மக்கள் பேசிய அரமேய மொழியில் கடனையும் பாவத்தையும் ஒரே சொல்லால் குறிக்க முடிந்தது. அதனால்தான் இயேசு கற்பித்த மன்றாட்டு மத்தேயு நற்செய்தியில் ‘எங்கள் கடன்களை மன்னியும்’ என்றும், லூக்கா நற்செய்தியில் ‘எங்கள் பாவங்களை மன்னியும்’ என்றும் இரு வடிவங்களில் வந்திருக்கிறது.

நாம் ஒருவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டாலோ, செய்யக்கூடாததைச் செய்தாலோ, அவருக்கும் நமக்கும் இடையில் ஏதோ ஒன்று சரிசெய்யப்படாமல் நிற்கிறது. அந்த நிலையையே தார்மீகக் கடன் என்கிறோம். பணக்கடனோடு இதை ஒப்பிடுவது பொருத்தமானதே. ஆயினும் ஒப்புமை ஓர் எல்லைவரைதான் செல்லும். பணக்கடனை அளந்து சொல்லலாம், எனக்காக இன்னொருவர் அடைக்கலாம், கடன் கொடுத்தவர் விரும்பினால் யாருடைய அனுமதியும் இன்றி அதைத் தள்ளுபடி செய்யலாம். நண்பரிடம் சொன்ன பொய்யை எத்தனை அலகு என்று அளப்பதற்கு வழியில்லை. எனக்குப் பதிலாக என் அண்ணன் வருந்தினால் நண்பரின் மனம் ஆறிவிடாது. ‘பாவக்கடன்’ என்று சொல்லும்போது இந்தப் பண்புகளில் எதை எடுத்துக்கொள்கிறோம், எதை விட்டுவிடுகிறோம் என்பதைப் பெரும்பாலோர் சொல்வதில்லை. குழப்பத்தில் பாதி இங்கேயே தொடங்கிவிடுகிறது.

சுருங்கச் சொன்னால், கடன் என்பது குற்றத்தின் ஒரு பக்கத்தைக் காட்டும் உவமை. அதன் எல்லாப் பண்புகளும் குற்றத்துக்குப் பொருந்தும் என்று முன்கூட்டியே கொள்வதற்கில்லை.

‘எல்லையற்ற’ என்ற சொல்லுக்குள் மூன்று பொருள்கள்

மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் ஓர் உவமைக் கதை உண்டு. ஓர் ஊழியன் அரசனுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருக்கிறான். அவனுக்கு இன்னொரு ஊழியன் நூறு வெள்ளிப்பணம் தர வேண்டியிருக்கிறது. வெள்ளிப்பணம் என்பது தெனாரியம் என்ற ரோம நாணயம்; அதே நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் திராட்சைத் தோட்டத்து வேலையாளின் ஒரு நாள் கூலி அதுவே. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியத்துக்குச் சமம் என்று கணக்கிடுவது வழக்கம். அப்படியானால் முதல் ஊழியனின் கடன் 6 கோடி நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் உழைத்து, ஒரு காசும் செலவழிக்காமல் கொடுத்து வந்தாலும் தீர்ப்பதற்கு 2 லட்சம் ஆண்டுகள் ஆகும். இரண்டாவது ஊழியனின் கடனைப் போல் இது 6 லட்சம் மடங்கு.

இந்தத் தொகை யாராலும் தீர்க்க முடியாதது. ஆனால் அது எல்லையற்றது அன்று. அதை எண்ணால் எழுதிவிட முடிகிறது. மனித அளவுக்கு அப்பாற்பட்ட கடனைச் சொல்ல வந்த இந்தக் கதையிலேயே ஓர் எண் இருப்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்; ஏனெனில் ‘எல்லையற்ற கடன்’ என்று சொல்கிறவர்கள் பல வேளைகளில் ‘தீர்க்க முடியாத கடன்’ என்பதையே மனத்தில் கொண்டிருக்கிறார்கள்.

மூன்று பொருள்களையும் தனித்தனியே பார்ப்போம். முதலாவது, தீர்க்க இயலாமை. கடன் சிறியதாகவே இருக்கலாம். தீர்ப்பதற்குத் தேவையான ஒன்று என்னிடம் இல்லாமல் போனாலே போதும், அது தீர்க்க இயலாததாகிவிடும். மறைந்த தாய் தன் கையால் எழுதிய ஒரே கடிதத்தை ஒருவர் எரித்துவிட்டால், அதை ஈடுசெய்ய உலகில் எதுவும் இல்லை. ஆயினும் எரிந்தது ஒரு கடிதம்தான். இரண்டாவது, முடிவில்லாமல் நீளுதல். வட்டியை மட்டும் கட்டிக்கொண்டு அசலைக் குறைக்க முடியாதவர் காலமெல்லாம் கட்டிக்கொண்டே இருப்பார். ஆயினும் எந்த ஒரு நாளில் கணக்குப் பார்த்தாலும் அவர் கட்டியது ஒரு குறிப்பிட்ட தொகையாகவே இருக்கும். மூன்றாவது, உண்மையிலேயே அளவற்றதாக இருத்தல். இதில் விசித்திரமான ஒரு பண்பு உண்டு. அளவற்ற ஒன்றோடு எதைக் கூட்டினாலும் அது கூடுவதில்லை. அதிலிருந்து நாணயம் நாணயமாக எவ்வளவு காலம் கழித்து வந்தாலும் அது குறைவதில்லை.

தீர்க்க இயலாதது, முடிவின்றி நீள்வது, அளவற்றது ஆகிய இம்மூன்றும் ஒன்றல்ல. தொடக்கத்தில் சொன்ன வாதம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சத்தமின்றித் தாவுகிறது.

யாருக்கு எதிராக என்ற கேள்வி

ஒரே செயலின் கனம் அது யார்மேல் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்து மாறுமா? ஒருவர் கோபத்தில் ஒரு கல்லை உதைக்கிறார். அதே கோபத்தில் ஒரு நாயை உதைக்கிறார். பிறகு ஒரு குழந்தையை உதைக்கிறார். காலின் வேகம் மாறவில்லை, வலி மட்டுமே இங்கு வேறுபாட்டை உண்டாக்குகிறது என்றும் சொல்ல முடியாது. குழந்தை மயக்கத்தில் இருந்து வலியே உணராவிட்டாலும், குழந்தையை உதைத்தவரை நாம் வேறு விதமாகவே பார்க்கிறோம். பாதிக்கப்பட்டவரின் மதிப்பு உயர உயர, அவருக்கு எதிரான குற்றத்தின் கனமும் உயர்கிறது என்ற இந்தக் கருத்தைத் தகுதிக் கொள்கை என்று அழைக்கலாம்.

பண்டைய ஜெர்மானியச் சட்டங்கள் இதை அப்படியே பணமாக மாற்றி வைத்திருந்தன. கொல்லப்பட்டவர் உயர்குடியினராயின் கொன்றவர் செலுத்த வேண்டிய உயிர்விலை கூடும், சாதாரண உழவராயின் குறையும். இன்றைய சட்டம் மனிதர்களுக்கு இடையில் இப்படி வேறுபாடு பார்ப்பதை ஏற்பதில்லை, ஏற்கவும் கூடாது. அதைக் காட்டித் தகுதிக் கொள்கையையே தள்ளிவிடுகிறவர்கள் சற்று அவசரப்படுகிறார்கள். மனிதருக்குள் ஏற்றத்தாழ்வு கூடாது என்பதால், கல்லுக்கும் குழந்தைக்கும் இடையில் வேறுபாடு இல்லை என்றாகிவிடாது. கடவுளைப் பற்றிய வாதம் இந்த இரண்டாவது வகை வேறுபாட்டையே தன் அடித்தளமாகக் கொள்கிறது.

இந்த அடித்தளத்தில் பெரிய கட்டடம் எழுப்பியவர் கேன்டர்பரி நகரின் பேராயராக இருந்த ஆன்செல்ம். 1098இல் அவர் முடித்த ‘கடவுள் ஏன் மனிதரானார்’ என்ற நூல், அவருக்கும் போசோ என்ற துறவிக்கும் இடையிலான உரையாடலாக அமைந்தது. பாவம் என்பது கடவுளுக்குச் செலுத்த வேண்டியதைச் செலுத்தாமல் விடுவது என்று அவர் வரையறுத்தார். பிறகு ஒரு கேள்வி எழுப்பினார். கடவுளின் விருப்பத்துக்கு மாறாக ஒரே ஒரு பார்வை பார்த்தால்தான் இந்த உலகம் அழியாமல் காப்பாற்றப்படும் என்றால், பார்ப்பாயா? பார்க்கக் கூடாது என்று போசோ ஒப்புக்கொள்கிறார். எண்ணற்ற உலகங்கள் அழிவதாக இருந்தாலும் இதுவே விடை என்கிறார். அப்படியானால் அந்த ஒரு பார்வைக்கு ஈடாகக் கொடுக்க வேண்டியது உலகங்கள் அனைத்தையும்விடப் பெரியதாக இருக்க வேண்டும் என்று ஆன்செல்ம் முடிக்கிறார். குற்றத்தால் குலைந்த ஒழுங்கைச் சரிசெய்வதற்காக, பறித்ததைத் திருப்பித் தருவதோடு கூடுதலாகவும் செலுத்துவதை அவர் ஈடுசெய்தல் என்றார்.

13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதை இன்னும் கவனமாகச் சொன்னார். கடவுளின் மாட்சி எல்லையற்றது என்பதால் அவருக்கு எதிரான பாவத்துக்கு ‘ஒருவகை எல்லையின்மை’ உண்டு என்பது அவருடைய கூற்று. அந்த ‘ஒருவகை’ என்ற சொல்லைப் பின்னால் வந்த பலர் விட்டுவிட்டார்கள். பாவத்தில் இரண்டு அசைவுகள் இருப்பதாக அவர் பிரித்தார்: மாறாத நன்மையாகிய கடவுளை விட்டு விலகுதல், மாறக்கூடிய ஒன்றின் பக்கம் முறையின்றித் திரும்புதல். விலகும் பக்கத்தில் பாவம் எல்லையற்றது. திரும்பும் பக்கத்தில் அது எல்லைக்கு உட்பட்டது. 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்கப் போதகர் ஜொனாதன் எட்வர்ட்ஸ் வேறொரு வாசல் வழியாக இதே இடத்துக்கு வந்தார். ஒருவர் எவ்வளவு அன்புக்கு உரியவரோ அவ்வளவு அவரை அன்பு செய்யும் கடமை நமக்கு உண்டு. கடவுள் எல்லையற்ற அன்புக்கு உரியவர். ஆகவே கடமையும் எல்லையற்றது, அதை மீறுவதும் எல்லையற்ற குற்றம் என்றார்.

ஆகவே இந்த வாதத்தின் உயிர்நாடி தகுதிக் கொள்கை. பாதிக்கப்பட்டவரின் மதிப்பு எல்லையற்றதானால் குற்றத்தின் கனமும் எல்லையற்றதாகும் என்பது அதன் உச்ச வடிவம்.

தகுதிக் கொள்கை என்ற பாலம் தாங்குமா?

முதல் சிக்கல், எல்லாக் குற்றங்களும் சமமாகிவிடுவது. அளவற்றதோடு எதைக் கூட்டினாலும் கூடாது என்று பார்த்தோம். ஒரு சிறு பொய்யும் ஒரு படுகொலையும் கடவுளுக்கு எதிரானவை என்ற வகையில் இரண்டுமே எல்லையற்ற கடன் என்றால், பொய் சொன்னவர் கொலைக்கு அஞ்ச வேண்டிய காரணம் கணக்கில் இல்லை. அவருடைய கடன் ஏற்கெனவே உச்சத்தில் நிற்கிறது. இது நம் நீதியுணர்வுக்கு மட்டுமல்லாமல், பாவங்களைத் தரம் பிரிக்கும் சமய மரபுகளுக்கே எதிரானது. அக்குவினாஸ் பாவத்தை இரண்டு அசைவுகளாகப் பிரித்தது இதற்கும் விடையாகிறது. திரும்பும் பக்கம் எல்லைக்கு உட்பட்டது என்பதால், குற்றங்கள் அங்கே ஒன்றுக்கொன்று வேறுபடலாம். விடை சாமர்த்தியமானதே. ஆனால் அதை ஏற்றுக்கொண்டால், ‘பாவம் எல்லையற்றது’ என்று பொதுவாகச் சொல்லும் உரிமை போய்விடுகிறது. ‘ஒரு பக்கத்தில்’ என்று ஒவ்வொரு முறையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாகிறது.

இரண்டாவது சிக்கல் குற்றம் செய்தவரின் பக்கம் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இறையியலாளர் பீட்டர் அபெலார்ட், குற்றத்தின் சாரம் வெளிச்செயலில் இல்லை, தீமை என்று அறிந்தும் அதற்கு உள்ளம் இசைவதிலேயே இருக்கிறது என்று வற்புறுத்தினார். இதை ஏற்றால் கேள்வி கூர்மையாகிறது. கடவுளின் எல்லையற்ற மாட்சியை எல்லைக்கு உட்பட்ட மனித அறிவு முழுமையாக உணர முடியாது என்று பெரும்பாலான இறையியலாளர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். தான் முழுமையாக அறிய முடியாத ஒன்றின் முழு மதிப்புக்கும் ஒருவரை எப்படிப் பொறுப்பாக்குவது? வாசலில் நிற்பவர் யாரென்று தெரியாமல் கதவைச் சாத்தியவரையும், தன் தந்தைதான் என்று தெரிந்தே சாத்தியவரையும் நாம் ஒரே அளவில் குறை சொல்வதில்லை. டன்ஸ் ஸ்காட்டஸ் என்ற இறையியலாளரும் ஏறத்தாழ இந்தத் திசையில்தான் சென்றார். பாவம் எல்லைக்கு உட்பட்ட மனித சித்தத்தின் செயல். ஆகவே தன்னளவில் அது எல்லைக்கு உட்பட்டதே. யாருக்கு எதிரானது என்ற வெளித்தொடர்பை வைத்து மட்டுமே அதை எல்லையற்றது என்று சொல்லலாம் என்பது அவர் நிலை. திருச்சபையின் பெரும் சிந்தனையாளர்களில் ஒருவர் இதைச் சொன்னார் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இந்த வாதத்தைக் கேள்வி கேட்பது நம்பிக்கையைக் கைவிடுவதாகாது.

மூன்றாவது சிக்கலைப் பைபிளில் யோபு நூலின் 35ஆம் அதிகாரமே எழுப்புகிறது: நீ பாவம் செய்தால் அதனால் கடவுளுக்கு என்ன நேர்ந்துவிடும் என்று எலிகூ என்பவர் அங்கே யோபுவிடம் கேட்கிறார். கடவுளுக்கு எதுவும் குறைவதில்லை என்றால் எதைத் திருப்பித் தருவது? ஆன்செல்ம் இதை அறிந்தே இருந்தார். கடவுளின் மாண்பு தன்னளவில் குறைவதில்லை, குலைவது படைப்பின் ஒழுங்கே என்று விளக்கினார். அவருடைய வாதத்தை ‘அவமதிக்கப்பட்ட மன்னனின் கோபம்’ என்று சுருக்குகிறவர்கள் இந்தப் பகுதியைப் படிக்காமலே விட்டிருக்க வேண்டும்.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி எழுகிறது: கடவுளுக்கு எதிரான குற்றம் எல்லையற்றதானால், அவருக்குச் செய்யும் ஒரு வணக்கமும் எல்லையற்ற நன்மை ஆகாதா? இடைக்கால மரபு இதற்கு, அவமதிப்பை அளப்பது அவமதிக்கப்பட்டவரை வைத்து, மரியாதையை அளப்பது மரியாதை செய்பவரை வைத்து என்று விடை சொன்னது. இந்த விடையில் எனக்கு நிறைவில்லை. ஒரு பக்கம் ஓர் அளவுகோல், மறுபக்கம் வேறோர் அளவுகோல் ஏன் என்பதற்கு அந்த வாக்கியத்தைத் தாண்டிய காரணம் வேண்டும்.

ஆக, யாருக்கு எதிரானது என்பது குற்றத்தின் கனத்தைக் கூட்டுகிறது என்பது உறுதி. அந்தக் கனம் அளவற்றதாகிவிடுகிறது என்பதற்கு இது மட்டும் போதாது.

எல்லையின்மை இல்லாமலே தீராத கடன்

ஆன்செல்மின் நூலில் இன்னொரு வாதமும் இருக்கிறது. எல்லையற்ற கடன் பற்றிய பேச்சின் இரைச்சலில் அது மறைந்துவிட்டது. பாவத்துக்கு ஈடாக மனவருத்தம், நோன்பு, இரக்கச் செயல், கீழ்ப்படிதல் ஆகியவற்றைக் கொடுக்கலாமே என்கிறார் போசோ. இவற்றையெல்லாம் பாவம் செய்யாமல் இருந்தாலும் நீ கொடுத்தே ஆக வேண்டியிருந்ததே என்று ஆன்செல்ம் திருப்பிக் கேட்கிறார்.

இதை ஓர் எளிய உதாரணத்தால் புரிந்துகொள்ளலாம். ஒருவர் தன் நாளின் ஒவ்வொரு மணி நேரத்தையும் ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்வதற்கு என்று வாக்களித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நேற்று ஒரு மணி நேரம் வராமல் இருந்துவிட்டார். அதை இன்று ஈடுசெய்ய நினைக்கிறார். ஆனால் இன்றைய எல்லா மணி நேரங்களும் ஏற்கெனவே இன்றைய கடமைக்கு உரியவை. கூடுதலாகக் கொடுப்பதற்கு அவரிடம் ஒரு நிமிடம்கூட இல்லை. தவறியது ஒரே ஒரு மணி நேரம்; ஆயினும் அது தீராத கடன்.

படைக்கப்பட்டவர் தன் இருப்பு முழுவதையும் படைத்தவருக்குக் கடன்பட்டிருக்கிறார் என்பதை ஏற்பவர்களுக்கு, மனிதரால் கடவுளுக்கு ஈடுசெய்ய முடியாது என்ற முடிவு இவ்வளவு எளிதாகக் கிடைத்துவிடுகிறது. இதற்கு எந்த எல்லையின்மையும் தேவையில்லை. பொய்யும் கொலையும் சமமாக வேண்டியதும் இல்லை. தொடக்கத்து மூன்று ‘எனவே’களில் இரண்டாவது, முதலாவதன் உதவி இல்லாமலே தன் காலில் நிற்கிறது. இதனால்தான் முதலாவதைக் காப்பாற்றப் பலர் ஏன் இவ்வளவு பாடுபடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

முடிவற்ற தண்டனை ஒரு தனிக் கேள்வி

மூன்றாவது ‘எனவே’ இன்னும் தள்ளி நிற்கிறது. தீர்க்க முடியாத கடன் இருப்பதாலேயே முடிவற்ற தண்டனை நியாயம் என்று ஆகிவிடாது. மன்னிப்பு என்ற வழியும் இருக்கிறது. முடிவற்ற தண்டனையை ஏற்றவர்களிலேயே எல்லோரும் எல்லையற்ற கடனை நம்பியிருக்கவில்லை. தத்துவவாதி லைப்னிட்ஸ் 1710இல் வெளியிட்ட இறைநீதி பற்றிய நூலில், தண்டனை தொடர்வதற்குக் காரணம் குற்றம் தொடர்வதே என்ற விளக்கத்தை ஆதரித்தார். கடவுளை மறுப்பவர் மறுத்துக்கொண்டே இருக்கும்வரை விளைவும் நீடிக்கிறது என்பது இதன் உட்பொருள். இங்கே ஒவ்வொரு குற்றமும் எல்லைக்கு உட்பட்டதே. நிற்காமல் தொடர்வது மட்டுமே விளைவை முடிவற்றதாக்குகிறது. வட்டி கட்டுபவரின் உதாரணம் இதற்குத்தான் பொருந்தும்.

தள்ளுபடி செய்யும் உரிமை

கடன் உவமையை அப்படியே எடுத்துக்கொண்டால் இன்னொரு விளைவும் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் ஃபாஸ்டஸ் சோசினஸ் என்ற இறையியலாளர் அதைச் சுட்டிக்காட்டினார். கடன் கொடுத்தவர் எதையும் பெறாமலே தள்ளுபடி செய்யலாம். முழுத் தொகையும் கட்டப்பட்டுவிட்டால் அங்கே மன்னிப்பதற்கு எதுவும் இல்லை. கடவுள் கடன் கொடுத்தவர் என்றால், ஈடு ஏன் கட்டாயமாக வேண்டும்? இதற்குச் சட்ட அறிஞர் ஹ்யூகோ குரோஷியஸ் 1617இல் விடை எழுதினார். இந்த விஷயத்தில் கடவுள் கடன் கொடுத்தவரின் இடத்தில் இல்லை, ஆட்சியாளரின் இடத்தில் இருக்கிறார். பொது ஒழுங்கைக் காக்க வேண்டியவர் தண்டனையை வெறுமனே கைவிட முடியாது என்றார். அதாவது, ஈடு வேண்டும் என்ற கருத்தின் பக்கம் பேச வந்தவரே கடன் உவமையை விட்டு வேறோர் உவமைக்குப் போக வேண்டியிருந்தது.

மற்றச் சமயங்கள் இந்தக் கணக்கை வேறு விதமாகப் போடுகின்றன. நற்செயலுக்குப் பத்து மடங்கு கிடைக்கும், தீச்செயலுக்கு அதன் அளவே கூலி என்று திருக்குர்ஆனின் 6ஆம் அத்தியாயம் 160ஆம் வசனம் கூறுகிறது. சைவ சித்தாந்தத்தில் வினை நுகர்ந்து தீர்க்கப்படுவது. தீர்ந்துபோகக் கூடியது என்பதே அதன் இயல்பு. யூதர்களின் மிஷ்னா என்ற பழைய சமயச் சட்டத் தொகுப்பில் யோமா என்னும் பகுதி, பாவநிவாரண நாள் மனிதருக்கும் கடவுளுக்கும் இடையிலான குற்றங்களைப் போக்கும் என்கிறது. மனிதருக்கும் மனிதருக்கும் இடையிலான குற்றங்களையோ, பாதிக்கப்பட்டவரைச் சமாதானப்படுத்தும்வரை அது போக்காது. நாம் கேட்டுப் பழகிய வரிசை இங்கே தலைகீழாகிறது. கடவுளுக்கு எதிரானது எளிதில் தீர்கிறது. சக மனிதருக்கு எதிரானது நிற்கிறது.

இந்த இடத்தில் ஒரு கவலையைச் சொல்லாமல் விட முடியவில்லை. கடவுளுக்குப் பட்ட கடன் எல்லையற்றது என்று அழுத்தி அழுத்திச் சொல்லும்போது, மனிதருக்குப் பட்ட கடன் அதன் அருகில் ஒன்றுமில்லாததாகச் சுருங்கிவிடுகிறது. உரியாவைச் சாகடித்து அவன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது அரசனின் மன்றாட்டு என்று மரபு கருதும் 51ஆம் சங்கீதத்தில், ‘தேவரீர் ஒருவருக்கே விரோதமாக’ பாவம் செய்ததாக ஒரு வரி வருகிறது. அதை ஆழ்ந்த மனந்திரும்புதலின் மொழியாகப் படிப்பவர்களை நான் மதிக்கிறேன். ஆயினும் உரியா கொல்லப்பட்டது உண்மை. லூக்கா 19ஆம் அதிகாரத்தில் வரும் வரி வசூலிப்பவனான சகேயு, மனம் மாறியபோது எல்லையின்மையைப் பற்றிப் பேசவில்லை. தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகச் சொன்னான். யாரிடமாவது அநியாயமாக வாங்கியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொன்னான்.